மகன் வீட்டுத் தோட்டாக்களும் பெட்டகத்தில் கிடந்த பன்னிரண்டும்

வாசகர் கடிதம்:

"நான் சுன்னாகத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் மகன் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில், நகரத்துக்கு வெளியே குடியிருக்கிறார். உரிமம் பெற்று மான் வேட்டைக்குப் போவார். இலக்குச் சுடும் கழகம் ஒன்றிலும் உறுப்பினர். தோட்டாக்களைக் கடையில் வாங்காமல் வீட்டின் நிலக்கீழ் அறையில் தானே நிரப்புகிறார். சென்றமுறை நான் போனபோது அந்த அறையில் பிஸ்கட் பேணிகளிலும் ஐஸ்கிறீம் பெட்டிகளிலும் தோட்டாக்கள் குவிந்து கிடந்தன. கோப்பிப் போத்தல் ஒன்றில் கறுப்பாக வெடிமருந்து இருந்தது. ஒன்றிலும் பெயர் எழுதப்படவில்லை. மருமகள் பயப்படுகிறார். ஏழு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்றாவது பிரசவத்துக்காக நான் அடுத்த மாதம் போய் ஆறு மாதம் நிற்கப் போகிறேன். அவை வெடிக்குமா? எப்படி வைக்கச் சொல்ல வேண்டும்? இன்னுமொன்று. பயண ஆயத்தத்துக்காகப் பெட்டகத்தைத் துப்புரவாக்கியபோது, காலஞ்சென்ற என் கணவரின் துவக்குத் தோட்டாக்கள் பன்னிரண்டு பழைய துணியில் சுற்றியபடி இருந்தன. துவக்கை 1986இல் இயக்கத்தினர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இவற்றை என்ன செய்வது?"

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கே முதலில் பதில் எழுதுகிறேன். மகனுடைய தோட்டாக்கள் கடலுக்கு அப்பால் இருக்கின்றன. இந்தப் பன்னிரண்டும் நீங்கள் இன்றிரவு படுக்கப் போகும் வீட்டிலேயே இருக்கின்றன.

அந்தக் காலத்தில் நம் ஊர்களில் பயிர்க் காவலுக்கும் வேட்டைக்கும் வைத்திருந்த, 12 போர் எனப்படும் குழாய் அளவுள்ள துவக்குகளின் தோட்டாக்களில் பல கடதாசிக் கோது உடையவை. நாற்பது மாரி கடந்த கடதாசி ஈரத்தை உறிஞ்சி ஊதியிருக்கும், அடியிலுள்ள பித்தளைத் தொப்பி பச்சை பூத்திருக்கும், வாய்ப் பக்கம் பிரிந்திருந்தால் உள்ளே இருக்கும் ஈயச் சன்னங்களில் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். இதைப் பார்க்கிற எவரும் "ஈரம் பிடித்த பழசு, இனி இது வெடிக்காது" என்றே சொல்வார். அந்த நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. மருந்து கெட்டுப்போன தோட்டாவிலும் அடியில் இருக்கும் எரியூட்டி உயிரோடு இருக்கக்கூடும். ஒரே பொதியில் ஒன்று செத்திருக்கும், பக்கத்தில் இருப்பது செத்திருக்காது. வெளியில் இருந்து பார்த்து அதைப் பிரித்தறிய எவராலும் முடியாது. ஆகவே இனி அவற்றைப் பிரித்துப் பார்க்கவோ, துடைக்கவோ, எண்ணவோ வேண்டாம். துணியோடு சேர்த்து, அடுப்படிக்கும் சுவாமி விளக்குக்கும் தூரமாக, வெயில் படாத, பூட்டக்கூடிய ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிடுங்கள். கிணற்றில் போடுவது, வளவின் மூலையில் தாட்டுவிடுவது, குப்பையோடு கொளுத்துவது, பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்துவிடுவது ஆகிய நான்கும் நம்மவர் வழமையாகச் செய்கிற காரியங்கள், நான்குமே பிழையானவை. தாட்டது ஒரு நாள் வேறொருவருடைய மண்வெட்டியில் அகப்படும். குப்பையில் எரித்தது பக்கத்தில் நிற்பவரின் கண்ணைப் பறிக்கும்.

சட்டத்தின் பக்கமும் இருக்கிறது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் நம் நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ளன. துவக்கு உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது; உங்கள் கணவரின் உரிமம் எப்போதோ காலாவதியாகிவிட்டது, அவருக்குப் பிறகு அது உங்களுக்கு உரியதாகவும் ஆகவில்லை. எனவே கண்டெடுத்த பின்னும் சொல்லாமல் வைத்திருப்பது உங்களைத் தவறான பக்கத்தில் நிறுத்தும். நம் மண்ணில் தோட்டா என்ற சொல்லுக்கு உள்ள பாரமும், அந்தச் சொல்லோடு பொலிஸ் நிலையத்துக்குப் போகத் தயங்கும் மனமும் எனக்குத் தெரியாதவை அல்ல. அதனால்தான் இதைத் தனியே செய்யாதீர்கள் என்கிறேன். அறிமுகமான சட்டத்தரணி ஒருவரிடம் முதலில் விடயத்தைச் சொல்லுங்கள். எப்போது, எங்கே, எந்த நிலையில் கண்டீர்கள் என்பதை ஒரு தாளில் திகதியோடு எழுதிக் கையொப்பமிடுங்கள். பழைய உரிமப் புத்தகமோ, துவக்கை வாங்கிச் சென்றது பற்றிய துண்டோ கடிதமோ கிடைத்தால் இணைத்துக்கொள்ளுங்கள். பிறகு கிராம சேவையாளருக்கும் பொலிஸுக்கும் அறிவித்து, அவர்களை வீட்டுக்கு வந்து எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். நீங்கள் அவற்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஓட்டோவிலோ பஸ்ஸிலோ போகக்கூடாது. வழியில் நிறுத்திச் சோதித்தால் ஒப்படைக்கத்தான் கொண்டுபோனேன் என்பதை நிரூபிப்பது கடினம். ஒப்படைத்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

துணிக்குள் இருப்பவை வேட்டைத் தோட்டாக்கள்தானா என்பதில் சிறு ஐயம் இருந்தாலும், நீண்ட பித்தளை ரவைகளோ வேறு இரும்புப் பொருளோ கலந்திருப்பதாகத் தோன்றினாலும், அறையைப் பூட்டிவிட்டு உடனே 119க்கு அழையுங்கள். முகமாலைப் பக்கம் இன்னும் மண்ணைச் சல்லடை போட்டுக் கண்ணிவெடி தேடுகிற மாகாணம் இது. அடையாளம் தெரியாத எதையும் கையால் தொட்டு அறிய முற்படக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள்தான்.

இனி மகனுடைய அறைக்கு வருகிறேன். நான் கனடாவில் சுடுகலப் பாதுகாப்புப் பயிற்றுநராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்து, ஓய்வுபெற்று ஊருக்கு வந்தவன். அங்கே தோட்டா நிரப்பும் பலருடைய நிலக்கீழ் அறைகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே அது சட்டத்துக்கு உட்பட்ட ஒரு கைவேலை. உரிமம் உள்ளவர் தன் சொந்தப் பாவனைக்கு, விற்பனைக்கு அல்லாமல், நிரப்பிக்கொள்ளலாம். சுட்ட பித்தளைக் கோதைத் துப்புரவாக்கி, பிரைமர் எனப்படும் பழைய எரியூட்டியைத் தட்டி எடுத்துப் புதியது பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, பாய்ந்து போகும் குண்டான சன்னத்தை மேலே இருத்துவார்கள். செலவு குறையும், தன் துவக்குக்குப் பொருத்தமான தோட்டா கிடைக்கும். பொறுமையும் ஒழுங்கும் உள்ளவர்களே இதில் நிலைப்பார்கள். உங்கள் மகன் ஆபத்தான மனிதர் என்ற எண்ணத்தோடு நீங்கள் விமானம் ஏற வேண்டாம். ஆனால் நீங்கள் கண்ட காட்சி ஒழுங்கானது அல்ல.

அது வெடிக்குமா என்று கேட்டீர்கள். நிரப்பி முடித்த தோட்டா துவக்கின் குழாய்க்குள் இருக்கும்போதுதான் சன்னத்துக்கு அந்த வேகம் கிடைக்கிறது. பெட்டியில் இருக்கும் தோட்டாவுக்குத் தீப்பிடித்தால், பித்தளைக் கோதுதான் கிழிந்து சிதறும். சன்னம் பெரும்பாலும் அருகிலேயே விழுந்துவிடும். கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து உண்டு, ஆனால் திரைப்படத்தில் வருவது போல வீடு முழுவதும் குண்டுகள் பாயப் போவதில்லை. நிரப்பாத பொருட்களைப் பற்றித்தான் நான் கூடுதலாகக் கவலைப்படுவேன். பிரைமர் அடிக்கு வெடிப்பதற்காகவே செய்யப்பட்டது. ஒன்றோடொன்று முட்டாதபடி தனித்தனிக் குழிகளில் அடுக்கி விற்கப்படுகிறது. அவற்றை ஒரு போத்தலில் கொட்டி வைத்தால், ஒன்று வெடிக்கும்போது எல்லாம் சேர்ந்து வெடிக்கும். மருந்து அப்படி அல்ல. புகையில்லா மருந்து திறந்த இடத்தில் வேகமாக எரியும். இறுக மூடிய உறுதியான பாத்திரத்துக்குள் எரிந்தால்தான் வாயு வெளியேற வழியின்றி வெடிக்கும். இதனால்தான் மருந்தை இரும்புப் பெட்டகத்தில் பூட்டி வைப்பது பாதுகாப்பு என்று தோன்றினாலும் அதுவே பிழையாகிறது. ஏறத்தாழ ஓர் அங்குலத் தடிப்புள்ள பலகையால் செய்த, அழுத்தம் வந்தால் பிரிந்து கொடுக்கும், பூட்டு உள்ள மர அலுமாரியே மருந்துக்கு ஏற்றது. பிரைமருக்கு வேறொரு தட்டு அல்ல, வேறொரு அலுமாரி வேண்டும். இரண்டும் வீட்டைச் சூடாக்கும் உலைக்கும் சுடுநீர்க் கலத்துக்கும் எட்ட இருக்க வேண்டும். கனடா வீடுகளில் இவை இரண்டும் பெரும்பாலும் அதே நிலக்கீழ் அறையில்தான் நிற்கும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

அந்தக் கோப்பிப் போத்தலை நினைக்க எனக்கு நெஞ்சு பதறுகிறது. உடைந்தால் சிதறும் என்பதும், வெளிச்சம் பட்டால் மருந்து கெடும் என்பதும் இருக்கட்டும். அதைவிடப் பெரிய பிழை, போத்தலுக்குள் போன அந்த நொடியிலேயே மருந்து தன் பெயரை இழந்துவிட்டது. கைத்துப்பாக்கிக்கான விரைவு மருந்தும் நீண்ட துவக்குக்கான மெது மருந்தும் கண்ணுக்கு ஒரே கறுஞ்சாம்பல் துணிக்கைகளாகத்தான் தெரியும். ஒன்றுக்குப் பதில் மற்றதை நிரப்பினால் துவக்கில் தோட்டா நிற்கும் அறை தாங்காது. அது சுடுபவரின் கன்னத்துக்கு ஓர் சாண் தூரத்தில் நடக்கும். மருந்து எப்போதும் வாங்கிய பேணியிலேயே இருக்க வேண்டும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு பேணிதான் நிற்கலாம். வேலை முடிந்ததும் நிரப்பும் கருவியில் மிஞ்சியதை அதே பேணியில் ஊற்றி மூட வேண்டும்; இரவு முழுவதும் கருவியிலேயே விட்டால் சில மருந்துகள் அதன் பிளாஸ்ரிக்கையே அரித்துவிடும். போத்தலில் இருப்பது என்ன மருந்து என்பது மகனுக்கு "நல்ல ஞாபகம்" இருக்கலாம். ஞாபகத்தை நம்பி மருந்தை நிறுக்கக்கூடாது. அதை அவர் பாவிக்காமல் அழிக்க வேண்டும். சிறு அளவென்றால் புல்லில் மெல்லிதாகத் தூவிவிடுவது அங்குள்ள பழைய வழக்கம். நான்கு வயதுப் பிள்ளை விளையாடும் புல்தரையில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தைக் கேட்டால் எங்கே ஒப்படைப்பது என்று சொல்வார்கள்.

பேணியிலேயே இருந்த மருந்தும் காலத்தில் கெடும், வெப்பத்தில் விரைவாகக் கெடும். நல்ல மருந்தைத் திறந்தால் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை ஒத்த மணம் இலேசாக வரும். கெட்டதில் மூக்கை அரிக்கும் புளித்த காரம் இருக்கும், துருவைப் போலச் செம்பழுப்புத் தூள் தெரியும், சில வேளை செம்பழுப்பு ஆவியே எழும். இது மகன் அறிய வேண்டியது. நீங்கள் மூடியைத் திறந்து மணந்து பார்க்க வேண்டியதில்லை.

இப்போது குவிந்து கிடக்கும் தோட்டாக்கள். தொழிற்சாலைத் தோட்டாவின் அடியில் தயாரித்தவர் பெயரும் அளவும் பொறித்திருக்கும், பெட்டியில் மீதி விபரம் அச்சிட்டிருக்கும். கையால் நிரப்பிய தோட்டாவின் அடியிலும் அதே எழுத்துத்தான் இருக்கும். ஆனால் அது கோதை யார் செய்தார்கள் என்பதை மட்டும் சொல்லும், உள்ளே எந்த மருந்து, எவ்வளவு என்பதைச் சொல்லாது. நிரப்பியவர் எழுதி வைத்தால்தான் உண்டு.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நான் நிரப்பத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில், ஒரு கோடைகாலம் முழுவதும் நிலக்கீழ் அறையில் ஈரம் கசிந்து, பெட்டியொன்றில் மையால் எழுதி ஒட்டியிருந்த துண்டு நீலக் கறையாகிவிட்டது. முப்பத்தெட்டுத் தோட்டாக்கள் இருந்தன. எல்லாம் ஒரே நாளில் நிரப்பியவை என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். மனம் கேட்காமல், சுத்தியல் போன்ற கழற்றும் கருவியில் ஒவ்வொன்றாகத் தட்டி, சன்னத்தையும் மருந்தையும் வெள்ளைத் தாளில் கொட்டினேன். பதினாறு வரை சிறு குச்சி வடிவான துணிக்கைகள் வந்தன. பதினேழாவதில் உருண்டையானவை வந்தன. வேறு மருந்து. எப்போது, எப்படி அந்தப் பெட்டிக்குள் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அடையாளம் ஐயமான தோட்டாவை நான் சுட்டதில்லை, பிறரைச் சுட விட்டதுமில்லை. மகனுடைய பிஸ்கட் பேணிகளுக்கும் என் பரிந்துரை இதுதான்: எந்தெந்தப் பேணிக்குக் குறிப்பேட்டில் ஐயமற்ற பதிவு இருக்கிறதோ அவை ஒழுங்கான பெட்டிக்கு மாறட்டும், மற்றவை எத்தனை நூறாக இருந்தாலும் கழற்றப்படட்டும். அந்த மருந்தை மீண்டும் பாவிக்கவும் கூடாது.

ஒழுங்கான பெட்டி என்றால், ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு குழி உள்ள, ஐம்பது கொள்ளும் பிளாஸ்ரிக் பெட்டி. ஒரு பெட்டியில் ஒரே நாளில், ஒரே அளவில் நிரப்பியவை மட்டும் இருக்கலாம். ஒட்டும் துண்டில் எழுத வேண்டியவை இவை: துவக்கு அளவு, எடுத்துக்காட்டாக 308 வின்செஸ்ரர், சன்னத்தின் வகையும் கிரெயினில் எடையும், மருந்தின் முழுப் பெயரும் எடையும், பிரைமரின் பெயர், கோது எத்தனையாவது தடவையாக நிரப்பப்படுகிறது, தோட்டாவின் மொத்த நீளம், எந்தத் துவக்குக்கு என்பது, திகதி. கிரெயின் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம். அவ்வளவு நுண்ணிய அளவில் நிறுக்கிற வேலைக்கு அவ்வளவு நுண்மையாகவே எழுத வேண்டும் என்பதில் மிகை ஒன்றுமில்லை. துண்டை மூடியில் ஒட்டக்கூடாது, பெட்டியின் உடம்பில் ஒட்ட வேண்டும். ஒரே மாதிரியான மூடிகள் மேசையில் இடம் மாறுவது மிக இலகு. உள்ளே ஒரு சிறு அட்டையில் அதே விபரத்தைப் பென்சிலால் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மை கசியும், பென்சில் கசியாது. இவை எல்லாவற்றுக்கும் தாயாக ஒரு குறிப்பேடு இருக்க வேண்டும், அதில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் இலக்கம் இருக்க வேண்டும். உங்களுக்கு விளங்கும் சொல்லில் சொன்னால், அது வகுப்பு இடாப்பு.

அந்த இடாப்பினால் கிடைக்கும் இன்னொரு பயன், பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது. ஐஸ்கிறீம் பெட்டியில் இருநூறு தோட்டாக்கள் குவிந்து கிடந்தால், பளபளப்பாக இருக்கிறதே என்று ஏழு வயதுப் பிள்ளை ஒன்றை எடுத்துக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனாலும் எவருக்கும் தெரியாது. ஐம்பது குழிப் பெட்டியில் ஒன்று குறைந்தால், வராத பிள்ளையின் வாங்கு வெறுமையாகத் தெரிவது போல அந்தக் குழி தெரியும். குவியலை எண்ண முடியாது. எண்ண முடியாததைப் பாதுகாக்கவும் முடியாது.

பெட்டிகளை வைக்கும் இடத்தில் வெவ்வேறு அளவுகளுக்கு வெவ்வேறு தட்டும் வெவ்வேறு நிறமும் வேண்டும். மகனிடம் சிறு ஈயச் சன்னங்கள் பலவற்றை ஒன்றாகச் சுடும் சன்னத் துவக்கும் இருந்து, 12 போரும் 20 போரும் ஒரே வீட்டில் பாவிக்கப்பட்டால், இந்த ஒன்றில் சமரசமே கூடாது. 20 போர்த் தோட்டா தவறி 12 போர்க் குழாயில் போனால் தோட்டா நிற்கும் அறையைத் தாண்டிச் சறுக்கிக் குழாய்க்குள் சிக்கிவிடும். வெறுமை என்று நினைத்துப் பின்னால் 12 போர்த் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழாய் பிளக்கும். தொழிற்சாலைகள் 20 போருக்கு மஞ்சள் கோது செய்வதே இந்தக் காரணத்தால்தான். நிரப்பிய தோட்டாவுக்கு, மருந்துக்குப் போலன்றி, இறப்பர் விளிம்புள்ள இரும்புப் பெட்டி நல்லது. மாரியில் உப்புப் போத்தல் கசிவது போல ஒன்ராறியோவின் கோடைகாலத்தில் நிலக்கீழ் அறைக் காற்று ஈரமாகும். ஈரம் உறிஞ்சும் சிறு பொதி ஒன்றை உள்ளே போட்டால் பித்தளை பச்சை பூக்காது. பாரத்தையும் மறக்கக்கூடாது. 308 அளவில் ஆயிரம் தோட்டாக்கள் ஏறத்தாழ 25 கிலோ வரும். அவை கீழ்த்தட்டில்தான் இருக்க வேண்டும், பிள்ளையின் தலைக்கு மேலே அல்ல.

பூட்டைப் பற்றி. வேட்டைத் துவக்கு நிரப்பாத நிலையில், பூட்டிட்டோ பூட்டிய பெட்டியிலோ இருக்க வேண்டும் என்பதும், தோட்டா பூட்டப்பட்டிருந்தாலன்றித் துவக்குக்குக் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக்கூடாது என்பதும் கனடாச் சட்டம். மகனுக்கு இது பாடமாகத் தெரிந்திருக்கும், இல்லாவிட்டால் உரிமம் கிடைத்திருக்காது. மருந்துக்கும் தோட்டாவுக்கும் வீட்டில் வைக்கக்கூடிய உச்ச அளவும் அங்கே விதிக்கப்பட்டிருக்கிறது. அதையும் ஒருமுறை சரிபார்க்கட்டும். ஆனால் சட்டம் கேட்பது ஆகக் குறைந்ததை. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் துவக்கு, தோட்டா, மருந்து, பிரைமர் நான்குக்கும் பூட்டு வேண்டும், அந்த அறைக் கதவுக்கும் பூட்டு வேண்டும். திறப்புகள் மகனின் உடம்போடு இருக்க வேண்டும். அலுமாரிக்கு மேலே அல்ல. மேலே வைத்ததை எடுக்கக் கதிரை போட்டு ஏறத் தெரியாத ஏழு வயதுப் பிள்ளையை நீங்கள் கண்டதுண்டா?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மருமகளின் பயம் வெடிப்பைப் பற்றியது; எனக்கு உங்கள் கடிதத்தில் முதலில் கண்ணில் பட்டது பிரசவம். பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது, பல சன்னங்களும் ஈயம்தான். சுட்ட கோதுகளைச் சுழற்றித் துப்புரவாக்கும் கருவியில் எழும் தூசி ஈயத் தூசி. அது கர்ப்பிணியின் இரத்தத்தில் கலந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். கையை வாயில் வைக்கும் சிறுபிள்ளையின் வளரும் மூளையையும் அது பாதிக்கும். அதற்கு வெடிச்சத்தம் கேட்காது, அதனால் எவரும் அஞ்சுவதில்லை. மருமகளும் பிள்ளைகளும் அந்த அறைக்குள் போகவே கூடாது. மகன் அங்கே எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. வேலை முடிந்ததும் குழந்தையைத் தூக்குவதற்கு முன் சவர்க்காரமிட்டுக் கை முகம் கழுவி, உடுப்பு மாற்ற வேண்டும். அந்த உடுப்பும் சுடும் மைதானத்துக்குப் போட்ட உடுப்பும் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்கப்படக்கூடாது. மேசையையும் தரையையும் கூட்டவோ சாதாரண வக்கியூமால் உறிஞ்சவோ கூடாது, தூசி எழும். ஈரத் துணியால் துடைக்க வேண்டும். கோது கழுவுவதைப் பிரசவம் முடிந்து சில மாதங்கள் வரை நிறுத்தி வைத்தால் இன்னும் நல்லது. நீங்கள் உதவி செய்கிறேன் என்று அந்த அறையைக் கூட்டிவிடாதீர்கள்; தாய்மார் வழமையாகச் செய்துவிடுவது அதைத்தான். குடும்ப வைத்தியரிடம் இப்படியொரு வேலை வீட்டில் நடக்கிறது என்று சொல்லி, மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். அது ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனைதான்.

இவற்றை மகனிடம் எப்படிச் சொல்வது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதல்ல. ஆனாலும் அங்கே போய் இறங்கிய பிறகு சொல்லாமல், போவதற்கு முன்பே தொலைபேசியில் சொல்லுங்கள். "உன் வேலையை நிறுத்து" என்று தொடங்கினால் கதவு மூடிவிடும். "அந்தப் போத்தலில் இருக்கிற மருந்தின் பெயர் என்ன, அது எங்கே எழுதியிருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். நல்ல நிரப்பாளர் ஒருவரை அந்தக் கேள்வி உறுத்தாமல் விடாது. இந்தப் பதிலை அப்படியே அவருக்கு அனுப்பிவைப்பதிலும் எனக்கு மறுப்பில்லை.

அவர் எப்போதாவது ஊருக்கு வரும்போது ஞாபகப் பொருளாக ஒரு வெற்றுக் கோதைக்கூடப் பயணப் பையில் வைக்கக்கூடாது என்றும் சொல்லிவிடுங்கள். அங்கே திறப்புக் கோர்வையில் தொங்கும் அலங்காரம், கட்டுநாயக்காவிலோ பலாலியிலோ மணிக்கணக்கான விசாரணையாகிவிடும். தோட்டா நிரப்பும் வேலையை இங்கே எவருக்கும் காட்டிக் கொடுக்கவும் வேண்டாம். உரிமமின்றி வெடிபொருள் தயாரிப்பது நம் நாட்டில் குற்றம்.

உங்கள் பயணம் அடுத்த மாதம் என்கிறீர்கள். ஆறு மாதம் பூட்டிக் கிடக்கப் போகும் வீட்டில், கள்வரோ, வளவைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளோ பெட்டகத்தைத் திறக்கக்கூடும். ஆகவே பயணச் சீட்டின் திகதியைப் பார்த்து, குறைந்தது இரண்டு கிழமைக்கு முன்பே சட்டத்தரணியைச் சந்தித்து அந்தப் பன்னிரண்டையும் ஒப்படைத்துவிடுங்கள். பற்றுச்சீட்டின் ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள், மற்றதை அந்தச் சட்டத்தரணியிடமே விட்டுவிட்டுப் போங்கள்.